வெங்கடேஸ்வரியின் அமெரிக்கா பேப்பர்

அமெரிக்கா வெங்கடேஸ்வரியை மூன்று முறை தோற்கடித்திருந்தது. முதல் முறை முப்பத்தொரு மார்க், அடுத்தது இருபத்தெட்டு, மூன்றாவது முப்பத்தாறு. நாற்பது எடுத்தால்தான் பாஸ். தொலைநிலைக் கல்வியில் அரசியல் அறிவியல் பி.ஏ. சேர்ந்தவள், இந்திய அரசமைப்பு, பொது நிர்வாகம், உள்ளாட்சி என்று மற்ற எல்லாப் பேப்பரையும் ஒரே வீச்சில் தாண்டிவிட்டாள். ‘அமெரிக்க அரசாங்கத்தின் அடிப்படைகளும் கூட்டாட்சியும்’ என்ற அந்த ஒன்று மட்டும் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக நின்றது.

வேடிக்கை என்னவென்றால், பதினொரு வருஷமாக அவள் சோறு தின்பதே அமெரிக்காவை நம்பித்தான். இராஜபாளையத்தில், அமெரிக்காவுக்குக் கப்பலேறும் பேண்டேஜ் செய்கிற ஒரு யூனிட்டில் அவள் செக்கர். தறியிலிருந்து வெளுத்து, மடித்து, தாள் சுற்றி வரும் கட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா, ஓரம் பிசிறு தட்டுகிறதா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, சரியாக இருந்தால் சுற்றிய தாளின் வலது கீழ் மூலையில் தன் நம்பரைப் போட்டு வட்டமிட வேண்டும். அவள் நம்பர் பதினேழு. ஒரு நாளைக்கு நானூறு கட்டு. பதினொரு வருஷத்தில் எத்தனை என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்; அவள் போட்டுப் பார்த்ததில்லை.

அந்த ஹாலில் பஞ்சுத் தூசி எப்போதும் மிதந்துகொண்டே இருக்கும். மூக்கில் துணி கட்டினாலும் உள்ளே போகிறது போய்க்கொண்டேதான் இருக்கும். இரண்டு வருஷமாக அவளுக்கு விடியற்காலையில் இருமல். பிறகு படி ஏறினால் இழுப்பு. மதுரையில் காட்டியபோது டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மாத்திரை தாரேன், ஸ்ப்ரே தாரேன். ஆனா அந்த ஹாலை விட்டு வெளிய வரலேன்னா நான் குடுக்கிறது எதுவும் நிக்காதும்மா” என்று சொல்லிவிட்டார்.

ஹாலை விட்டு வெளியே வருவதற்கு யூனிட்டில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆவணப் பிரிவு. எந்தக் கட்டு எந்தப் பெட்டியில், எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் என்று எழுதி வைக்கிற வேலை. அங்கே ஒரு நாற்காலி காலியாகப் போகிறது என்று தெரிந்ததும் மேனேஜர் வேலுசாமியிடம் போய் நின்றாள்.

“ஒனக்கு இல்லாத அனுபவமா? ஆனா டிகிரி வேணுமே. ஆடிட்டுக்கு வாரவன் வேலை தெரியுமான்னா கேக்கான்? என்ன படிச்சிருக்குன்னுதான் கேக்கான். ஜூலை முடிய சீட்டைப் போட்டு வைக்கேன். அதுக்கு மேல என்னால ஏலாது” என்றார் அவர்.

கெட்ட ஆள் இல்லை. ஆனால் நல்ல ஆட்கள் வைக்கிற கெடுவும் கெடுதானே.

அந்த வாரமே பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. பழைய பாடத்திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மே மாதத் தேர்வே கடைசி வாய்ப்பு. அதிலும் தவறினால் புதிதாகச் சேர்ந்து மூன்று வருஷமும் முதலிலிருந்து எழுத வேண்டும். போனில் அதை இரண்டு முறை படித்தாள். மூன்று வருஷம் அந்தத் தூசிக்குள் தன் நெஞ்சு தாங்காது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் படிக்காதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாடப்புத்தகத்தை மூன்று முறை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தாள். கோளாறே அதுதான். ‘அதிகாரப் பகிர்வின் இருமைத் தன்மை’ என்று அச்சடித்திருந்ததை அப்படியே எழுதினாள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் மண்ணைக் கவ்வினாள். கலிபோர்னியா மாதிரிப் பெரிய மாநிலத்துக்கும் செனட்டில் இரண்டு இடம், ஒரு தாலுகா அளவு ஜனம் உள்ள மாநிலத்துக்கும் இரண்டு இடம் என்றால் எந்த ஊர் நியாயம் இது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. புரியாததை மனப்பாடம் செய்தால் பரீட்சை ஹாலில் அது காலை வாரிவிட்டுப் போய்விடும்.

அவளுக்கு அமெரிக்காவைப் புரிய வைத்தது அவள் கணவன் பாண்டிதுரை. அவனுக்கே அது தெரியாது. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவர்கள் தெருவும் பக்கத்து மூன்று தெருக்களும் சேர்ந்து பங்குனியில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கும். பொங்கல் கூட்டத்துக்குப் போய்விட்டு ஒரு சாயங்காலம் கறுவிக்கொண்டே வந்தான்.

“பதினெட்டுத் தலைக்கட்டு வச்சுக்கிட்டு முடுக்குத் தெருக்காரனுக்கும் கமிட்டியில ரெண்டு ஆளாம். நூத்திப்பத்துத் தலைக்கட்டு இருக்க நமக்கும் ரெண்டு ஆளாம். என்னட்டி இது?”

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “அப்பொறம் அவிய எதுக்கு நம்மகூடச் சேந்தாக?”

“ரெண்டு ஆளு குடுத்தாத்தான் சேருவோம்னு அந்தக் காலத்துலயே சொல்லிட்டாகளாம். இல்லேன்னா பெரிய தெருக்காரன் எங்களை முழுங்கிருவான்னு பயம்.”

“பந்தி வெளம்ப ஆளு அனுப்புறதுக்கு?”

“அது தலைக்கட்டு எண்ணிக்கைப்படிதான். அதுல நாமதான் கூட.”

அவள் கீரையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். தெருவுக்கு இரண்டு பேர் செனட். குடும்பத்தை எண்ணும் தலைக்கட்டுக் கணக்கு கீழ்சபை. மூன்று வருஷமாகக் குடலைப் பிடுங்கிய விஷயம் முருங்கைக்கீரைக்கு நடுவில் கிடந்தது. அவனை விடவில்லை, அடுத்ததையும் கேட்டாள்: “கூட்டத்துல பேசி எழுதாத விசயம் இருக்குல்ல, அதை யாரு முடிவு பண்ணுவா?”

“அதை அந்தந்தத் தெரு பாத்துக்கிடும். எழுதாத விசயத்துல கூட்டத்துக்கு என்ன சோலி?”

பத்தாவது திருத்தம் என்று மார்ஜினில் எழுதிக்கொண்டாள். மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாத, மாநிலங்களுக்கு மறுக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கே, இல்லாவிட்டால் மக்களுக்கே. பாண்டிதுரை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “பரீட்சைக்கா கேக்க? எனக்கு ஏதும் மார்க்கு உண்டா?” என்றான்.

அன்றிலிருந்து அவள் மனப்பாடம் செய்வதை நிறுத்தினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸ் மூடியின் மேல் புத்தகத்தை விரித்துவைத்து, சண்டைக் கதை படிப்பதுபோலப் படித்தாள். பதின்மூன்று மாநிலங்கள், வரி போட முடியாத ஒரு சோப்ளாங்கிக் கூட்டமைப்பு, 1787-இல் பிலடெல்பியாவில் கதவைச் சாத்திக்கொண்டு நடந்த வாக்குவாதம், ஒன்பது மாநிலம் ஒப்புக்கொண்டால் போதும் என்ற நிபந்தனை. எல்லாம் நாலு தெருக்காரர்கள் விவகாரமாகத்தான் அவளுக்குத் தெரிந்தது.

தேர்வு மையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரி. மடவார் வளாகம் ஸ்டாப்பில் இறங்கிப் பத்து நிமிஷம் நடக்க வேண்டும். மே மாத வெயில் ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

ஹாலில் கௌதம்ராஜ் என்ற கௌரவ விரிவுரையாளர் கண்காணிப்பு. வந்ததும் விதிகளை வாசித்தார். “விடைத்தாளில் பெயர், ஊர், நம்பர், சாமி பேர், எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. பிள்ளையார் சுழியும் போடாதீங்க. போட்டா அந்த விடைத்தாள் செல்லாது.” வெங்கடேஸ்வரி பள்ளிக்கூடத்திலிருந்து சுழி போடாமல் ஒரு எழுத்து எழுதியதில்லை. அன்றைக்குக் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு, மனதுக்குள் மட்டும் போட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

கேள்வித்தாள் அவளுக்காகவே அச்சடித்த மாதிரி இருந்தது. செனட்டில் சம இடம் ஏன்? கூட்டமைப்பு ஏன் தோற்றது? பத்தாவது திருத்தத்தை விளக்குக. பேனா பாட்டுக்கு ஓடியது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பதினெட்டுப் பக்கம். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். இன்னும் ஒன்றேகால் மணி நேரம் மீதி. பாஸ் என்று அவளுக்கே தெரிந்தது. நிதானமாக முதல் பக்கத்திலிருந்து திருத்திப் படிக்க ஆரம்பித்தாள். விட்ட எழுத்தைச் சேர்த்தாள், ஒரு வருஷத்தை மாற்றினாள், பக்கத்தைத் திருப்பினாள்.

கடைசிப் பக்கத்தையும் படித்து முடித்துப் பேனாவை மூடப் போனபோதுதான் பார்த்தாள். வலது கீழ் மூலையில், சின்ன வட்டத்துக்குள், 17.

முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். 17. அதற்கு முந்தையதும் 17. பதினெட்டுப் பக்கத்திலும், நேர்த்தியாக, ஒரே அளவில், ஒரே இடத்தில். ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்துச் சரியென்று பட்டதும் கை அதன் வேலையைச் செய்திருக்கிறது. தாள், வலது கீழ் மூலை, நம்பர். பதினொரு வருஷம் சம்பளம் கொடுத்துப் பழக்கிய கை.

அடித்துவிடலாமா என்று பார்த்தாள். பதினெட்டுப் பக்கத்திலும் ஒரே மூலையில் அடித்தல் இருந்தால் அதுவே பெரிய அடையாளம். மூலையைக் கிழிக்கலாமா? இன்னும் மோசம். சும்மா கொடுத்துவிட்டுப் போகலாம். திருத்துகிறவர் பக்க எண் குழப்பம் என்று நினைத்து விட்டுவிடலாம். விடாமலும் போகலாம். முன்னால் உட்கார்ந்திருந்தவன் கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றான். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவள் சொல்லாவிட்டால் இந்த ஹாலில் ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை.

யூனிட்டில் ஒரு வழக்கம் உண்டு. கட்டு லோடு ஏறுவதற்கு முன்னால் செக்கரே தன் தப்பைக் கண்டுபிடித்துச் சொன்னால் மறுவேலை, அவ்வளவுதான். வெளியே போய் அங்கே எவனாவது கண்டுபிடித்தால் அந்த நம்பர் அதோடு முடிந்தது. அவள் தன் பதினெட்டுப் பக்கத்தைப் பார்த்தாள். இது இன்னும் லோடு ஏறவில்லை. எழுந்து நின்று, “சார்” என்றாள்.

கௌதம்ராஜ் வந்து பார்த்தார், முகம் வெளுத்தது. “என்னக்கா இது? இவ்ளோ சொன்னேனே” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “நான் பாக்கல. நீங்க உக்காருங்க.”

“நீங்க பாத்துட்டீங்க சார். பெரியவுகளக் கூப்பிடுங்க.”

தலைமைக் கண்காணிப்பாளர் சமுத்திரம் வந்தார். பொருளாதாரப் பேராசிரியர், ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருப்பவர், எந்த வம்பிலும் தலையைக் கொடுக்காமல் முப்பது வருஷம் ஓட்டியவர். பக்கங்களைப் புரட்டினார். “இது என்ன நம்பரும்மா? யாருக்குச் சிக்னல்?”

“யாருக்கும் இல்ல சார். நான் பேண்டேஜ் யூனிட்ல செக்கர். பாத்து முடிச்சா நம்பர் போட்டுப் பழகிட்டேன். கை போட்டிருச்சு.”

இவ்வளவு கேவலமான உண்மையை யாரும் புளுகுவதற்காக இட்டுக்கட்ட முடியாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். வராந்தாவுக்கு அழைத்துப் போய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். பன்னிரண்டு பதினாறு. “சனிக்கிழமை. எவன் எடுக்கப் போறான்? எனக்கு அதிகாரம் கெடையாதும்மா. செல்லாதுன்னு எழுதி அனுப்பிருதேன். பல்கலைக்கழகம் பாத்து முடிவு பண்ணட்டும்.”

“அதுக்கு எம்புட்டு நாளாகும் சார்?”

“ஆறு மாசம். ஒரு வருசம்.”

அவளுக்கு இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அடங்கியதும் விடைத்தாளின் முகப்பைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்த விதிகளை அவர் முன் நீட்டினாள். விரல் விதி ஒன்பதின் மேல் இருந்தது. பயம் ஒரு எல்லையைத் தாண்டினால் சிலருக்கு நாக்கு கூர்மையாகிவிடும். அவளுக்கு அன்று அப்படி ஆயிற்று.

“சார், அடையாளம் போட்ட விடைத்தாள் செல்லாதுன்னுதான் இருக்கு. எழுதுன ஆளு செல்லாதுன்னு இல்லையே. வேற விடைத்தாள் கேட்டாக் குடுக்கக் கூடாதுன்னு இதுல எங்கயும் இருக்கா?”

அவர் கண்ணாடியை மேலே தள்ளிப் பன்னிரண்டு விதிகளையும் வாசித்தார். “இல்ல. ஆனா குடுக்கலாம்னும் இல்லையே.”

“பல்கலைக்கழகம் அந்த அதிகாரத்தைத் தன்கிட்ட வச்சுக்கிட்டதா எழுதல. உங்களுக்குக் கூடாதுன்னும் எழுதல. அப்ப அது யார்கிட்ட சார் இருக்கு?”

சமுத்திரம் அவளையும், அவள் கையிலிருந்த கேள்வித்தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “இது பதினாலாவது கேள்விதான? பத்தாவது திருத்தம்?”

“ஆமா சார். பதினோராம் பக்கத்துல எழுதியிருக்கேன். செல்லாத பக்கம்.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டைப் பையைத் தடவினார், வராந்தாவின் அந்தக் கோடிவரை பார்த்தார். தான் செய்யப் போவது தனக்கே பிடிக்காத மனிதரைப் போல, “கௌதம், ஒரு புது புக்லெட் கொண்டாங்க. பழசைக் குறுக்கே கோடு போட்டு என்கிட்ட குடுங்க. ஒரு மணிக்கு மேல ஒரு நிமிசம் தர மாட்டேன்” என்றார்.

பன்னிரண்டு இருபத்திரண்டு. முப்பத்தெட்டு நிமிஷம்.

பதினெட்டுப் பக்கமும் முடியாது. எது நாற்பதைக் கொடுக்கும் என்று மட்டும் பார்த்தாள். இரண்டு மார்க் கேள்வி பத்தையும் ஒரு வரி, ஒன்றரை வரியில் முடித்தாள். ஆறு மார்க் நான்கு. செனட்டைப் பத்து வரியில், கூட்டமைப்பின் தோல்வியைப் பன்னிரண்டு வரியில். எழுத்து அவளுக்கே அடையாளம் தெரியாமல் போனது. இடது கை ஒவ்வொரு பக்கத்தின் வலது கீழ் மூலையையும் பொத்திக்கொண்டே இருந்தது. வலது கை அந்தப் பக்கம் போனால் கடித்துவிடும் போல் அவள் அதைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டு நாற்பத்தாறுக்கு இழுப்பு வந்தது. ஸ்ப்ரேயை எடுக்கக் குனிந்தால் ஒரு நிமிஷம் போகும். எடுக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டே பத்து மார்க் கேள்வியைத் தொடங்கினாள். மணி அடித்தபோது ஒரு வாக்கியம் பாதியில் நின்றது. கௌதம்ராஜ் தாளை உருவியபோது பேனா ஒரு கோடு இழுத்தது.

அதற்குப் பிறகு ஆறு வாரம். வேலுசாமி இரண்டு முறை கேட்டுவிட்டார். அந்தச் சீட்டுக்கு வேறு ஒரு பெண் வந்து பார்த்துவிட்டுப் போனாள். வெங்கடேஸ்வரி நானூறு கட்டுப் பார்த்தாள், இருமினாள், சாப்பாட்டு நேரத்தில் போனில் ரிசல்ட் பக்கத்தைத் திறக்கப் பார்த்து மூடினாள். ஜூலை ஒன்பதாம் தேதி அது திறந்தது. நாற்பத்து மூன்று. பாஸ். மடித்துக்கொண்டிருந்த துணியில் முகத்தைப் பொத்திக்கொண்டு, பக்கத்து மேஜையில் இருந்த பெத்தம்மாள் பயந்துபோகும் அளவுக்கு அழுதாள். அடுத்த வாரம் அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மூக்கில் துணி கட்டாமல் ஒரு முழு நாள் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

முதல் ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள், சமுத்திரம் சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வர. துறை அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். மார்க்கைச் சொன்னாள். “அந்த முப்பத்தெட்டு நிமிசத்துல நாப்பத்தி மூணா?” என்று சிரித்தார். ஆனால் மேஜை மேல் ஒரு காகிதம் கிடந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்து அதைத் திருப்பி வைத்தார். செக்கரின் கண்ணுக்கு அவ்வளவு நேரம் போதும்.

“உங்ககிட்ட வெளக்கம் கேட்டிருக்காங்களா சார்?”

“தேர்வு வேலைலருந்து எடுத்துட்டாங்க. அனுமதியில்லாம ரெண்டாவது விடைத்தாள் குடுத்தது ஏன்னு கேக்காங்க. அது எனக்கும் அவியளுக்கும் உள்ளது. நீ வேலையப் பாரு.”

“என்ன பதில் எழுதுனீங்க?”

“இன்னும் எழுதல. தப்புதான்னு ஒத்துக்கிட்டா ஒரு வரியில முடிஞ்சிரும். பென்சனுக்குச் சிக்கல் இருக்காது.” கவிழ்த்து வைத்த காகிதத்தை நிமிர்த்தினார். “நான் குடுத்தது தப்புன்னா, நீ எழுதுனதும் தப்பாயிரும்மா. அதான் மூணு நாளா எழுதாமக் கெடக்கு.”

தன் நாற்காலியின் ஒரு கால் இந்த மனிதரின் மேஜை மேல் நிற்கிறது என்பது வெங்கடேஸ்வரிக்கு இதுவரை தெரியாது. பேசாமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதற்காகவே வெட்கப்பட்டாள்.

“ஒரு வெள்ளைத்தாள் குடுங்க சார்.”

எதிரில் உட்கார்ந்து எழுதினாள். தான் யார், எங்கே வேலை பார்க்கிறாள், எந்த நம்பரை ஏன் போட்டாள், தானே எழுந்து சொன்னது, போன் எடுக்கப்படாதது, விதி ஒன்பது, மீதிப் பதினொரு விதிகள், அவற்றில் எழுதாமல் விடப்பட்டது, எழுதாததைத் தீர்மானிக்கும் பொறுப்பு மையத்தில் இருந்தவருக்குத்தான் உண்டு என்பது. ஒன்றையும் மறைக்கவில்லை. ஒன்றரைப் பக்கம் வந்தது. சமுத்திரம் வாங்கி வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதைச் சேத்து அனுப்பினா ஒன் ரிசல்ட்டையும் நோண்டுவாங்க, தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்படி நோண்டுனா இது நிக்குமோ நிக்காதோ. இதை மட்டுமாவது அடிச்சிரு” என்று தாளின் அடியில் விரலை வைத்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில், வாழ்க்கையில் முதல் முறையாக, ‘வெ. வெங்கடேஸ்வரி, பி.ஏ.’ என்று அவள் எழுதியிருந்தாள்.

“அடிக்க மாட்டேன் சார். நீங்க குடுத்தது சரின்னா இதுவும் சரிதான்” என்றாள்.

அவர் அந்த ஒன்றரைப் பக்கத்தை அடிக்காமலே பல்கலைக்கழகக் கடிதத்தோடு சேர்த்து வைத்தார். தன் பேனாவை எடுத்து, மூன்று நாளாக எழுதாமல் வைத்திருந்த பதிலை எழுத ஆரம்பித்தார்.